பீடம் மறைத்த பிணங்கள்

சிலை பேசுமா?

பேசாது. கல்லுக்கு வாய் இல்லை. வெண்கலத்துக்கு நா இல்லை. 1995ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு நாள், பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடெங்கும் கரண்டியும் கையுமாக வரிசையில் நின்றார்களே, அன்றும் கல் கல்லாகத்தான் இருந்தது, பால்தான் வழிந்தோடியது. அதில் நமக்கு ஐயம் இல்லை.

ஆனால் சிலைக்குக் கீழே பீடம் இருக்கிறது. பீடத்தில் எழுத்து இருக்கிறது. எழுத்துக்குப் பின்னே, அதை எழுதச் சொன்னவன் இருக்கிறான். அவன் பேசுகிறான், ஓயாமல் பேசுகிறான். வெயிலிலும் மழையிலும், இரவிலும் பகலிலும், போவோர் வருவோர் அனைவரிடமும் ஒரே பேச்சைப் பேசுகிறான். ஏட்டில் எழுதினால் மறுப்பு எழுதலாம்; மேடையில் முழங்கினால் எதிர் மேடை போடலாம். பீடத்தில் பொறித்துவிட்டாலோ மறுமொழி கூற இடமே இல்லை! எதிர்த்துக் கேட்பார் இல்லாத மேடை அது.

ஆகவேதான் கூறுகிறேன்: கவிதைக்குத் திறனாய்வு உண்டு, காப்பியத்துக்குத் திறனாய்வு உண்டு என்றால், நினைவுச் சின்னத்துக்கும் திறனாய்வு வேண்டும். மூக்கு எடுப்பாக இருக்கிறதா, மீசை முறுக்காக இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிந்துபோகும் திறனாய்வு அன்று. பீடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யார் காசில் சொல்கிறது, யார் கண்ணில் படும்படி சொல்கிறது என்று துருவிக் கேட்கும் திறனாய்வு.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் சென்னையில் முக்கால் நூற்றாண்டு நின்ற சிலை ஒன்றை அளந்து பார்ப்போம். நீல் துரையின் சிலை!

* * *

இன்று அண்ணா சாலை என்று நாம் பெருமையுடன் அழைக்கும் நெடுஞ்சாலை, அன்று மவுண்ட் ரோடு. அங்கே, ஸ்பென்சர் கடைக்கு அருகே, உயர்ந்த பீடத்தின்மீது நின்றது அந்த வெண்கலச் சிலை. கோட்டைக்கும் கச்சேரிக்கும் அலுவலுக்குச் சென்ற எழுத்தரும், கடைக்குச் சரக்கு ஏற்றி வந்த வண்டிக்காரரும் நாள்தோறும் அண்ணாந்து பார்த்துச் சென்ற சிலை.

யார் இந்த நீல்? சேம்சு சார்ச்சு சுமித் நீல் என்பது முழுப்பெயர். 1810இல் ஸ்காட்லாந்தின் அயர் வட்டாரத்தில் பிறந்தவன். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து, சென்னை ஃபியூசிலியர் என்னும் வெள்ளையர் படைப்பிரிவை நடத்தியவன். 1857இல் வடக்கே கிளர்ச்சி வெடித்தபோது சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்றவன். அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் லக்னோவில் குண்டடிபட்டு மாண்டவன். அவனுக்காக மாத்யூ நோபிள் என்னும் ஆங்கிலச் சிற்பி இரண்டு சிலைகள் வடித்தார். ஒன்று அவன் பிறந்த வட்டாரத்து அயர் நகரின் வெலிங்டன் சதுக்கப் பூங்காவில் நிறுத்தப்பட்டது. மற்றொன்று நம் தலையில் வைக்கப்பட்டது.

பீடத்தில் பொறித்திருந்த வாசகத்தின் கருத்து இது: துணிவும் உறுதியும் தன்னை நம்பும் திறனும் உடைய போர்வீரன், வங்காளத்தில் பெருகிய கலக வெள்ளத்தை முதன்முதலில் தடுத்தவன் என்று யாவரும் ஒப்புக்கொண்டவன், லக்னோ மீட்பில் புகழுடன் வீழ்ந்தவன், பொதுமக்கள் நன்கொடையால் 1860இல் எழுப்பப்பட்ட நினைவு.

அழகான வாசகம்! அளவான சொற்கள்! இதில் மூன்று சொற்களை மட்டும் உரைத்துப் பார்ப்போம். வெள்ளம், யாவரும், பொதுமக்கள்.

* * *

முதற்சொல், வெள்ளம்.

வெள்ளத்துக்கு முகம் உண்டா? பெயர் உண்டா? பெற்ற தாய் உண்டா? வெள்ளம் ஏன் வந்தது என்று எவரேனும் வெள்ளத்தையே கேட்பார்களா? கேட்கமாட்டார்கள். அணை கட்டுவார்கள், தடுப்பார்கள். தடுத்தவனைப் பாராட்டுவார்கள். கிளர்ந்தெழுந்த மக்களை வெள்ளம் என்று எழுதிவிட்டால், அவர்களைக் கொன்றவன் கொலைகாரன் ஆகமாட்டான். அணை கட்டிய பொறியாளன் ஆகிவிடுவான்! ஒரே உவமை, ஆயிரம் பிணங்கள் அதன் அடியில் மறைந்துபோயின.

அந்த அணை எப்படிக் கட்டப்பட்டது? கல்கத்தாவில் கரையிறங்கியதும், தன் வீரர்கள் வந்து சேருமுன் புகைவண்டியைச் செலுத்த முனைந்த இரயில்வே அதிகாரியைக் காவலில் வைத்து வண்டியை நிறுத்தினான் நீல். அந்தக் கதையை ஆங்கில நூல்கள் சுவைபடக் கூறும். செயல் வீரன், சட்டதிட்டம் பாராத சூரன் என்று மெச்சும். அந்தப் புகைவண்டி எங்கே போயிற்று என்பதுதான் நமக்கு வேண்டிய கதை.

1857 சூன் 4இல் காசி. சூன் 11இல் அலகாபாத். அங்கே தூக்குமரங்கள் எழுந்தன. ஊர்கள் தீக்கிரையாயின. அலகாபாத்திலிருந்து கான்பூரை நோக்கி ரெனோ என்னும் தளபதியின் கீழ் ஒரு படையை நீல் அனுப்பினான். குற்றமுடையவை என்று குறிக்கப்பட்ட ஊர்களை அழிக்கவும், அங்கு வாழும் ஆண்களைக் கொல்லவும் எழுத்து வடிவில் கட்டளை தந்தான். அந்தக் கட்டளையை 1857 கிளர்ச்சியின் வரலாற்றை எழுதிய சான் கே என்னும் ஆங்கிலேயரே பதிவு செய்துள்ளார். அந்தப் படை சென்ற வழியில் இரண்டு நாளில் 42 பேர் சாலையோரத்தில் தூக்கிலிடப்பட்டனர். பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டதற்குக் காரணம் என்ன தெரியுமா? படை எதிர்ப்பட்டபோது அவர்கள் முகம் தவறான பக்கம் திரும்பியிருந்ததாம்! இதைக் கூறுபவர் நாட்டுப்பற்றுப் பாடகர் அல்லர். இலண்டன் டைம்ஸ் ஏட்டின் செய்தியாளர் வில்லியம் ரஸ்ஸல். உடன் சென்ற அதிகாரி ஒருவர் கூறக் கேட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

முகம் திரும்பியிருந்ததாம்! வெள்ளத்துக்கு முகம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீலுக்குப் பரிந்து பேசுவோர் ஒரு வாதத்தை வைத்திருக்கிறார்கள். கான்பூரில் வெள்ளைப் பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அதைக் கண்டு கொதித்தான். பழி தீர்த்தான் என்பது அவ்வாதம். கான்பூர்க் கொலையை நாம் மறைக்கமாட்டோம். பீபிகர் என்னும் வீட்டில் அடைக்கப்பட்டிருந்த இருநூறு பேர் அளவிலான பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிணற்றில் எறியப்பட்டனர். அது கொடுமை. விடுதலையின் பெயரால் செய்தாலும் கொடுமை, வேந்தன் பெயரால் செய்தாலும் கொடுமை. குழந்தையின் கழுத்தில் கத்தி வைத்தவனை வீரன் என்று எந்த மொழியில் எழுதினாலும் அம்மொழிக்கு இழுக்கு.

ஆனால், தோழர்களே, வரிசையைப் பாருங்கள்! பள்ளியில் வரலாறு கற்பிப்பது என் தொழில். ஆண்டும் நாளும் எதற்கு ஐயா, நிகழ்ச்சி தெரிந்தால் போதாதா என்று மாணவர் சலித்துக்கொள்வது உண்டு. எதற்கு என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. பீபிகர் படுகொலை நடந்தது சூலை 15. அலகாபாத்துத் தூக்குமரங்கள் எழுந்தது சூன். ரெனோவின் படை மரந்தோறும் மனிதரைத் தொங்கவிட்டுச் சென்றது அந்தச் சூலை 15க்கு முன்னர். முன்னே நடந்ததற்குப் பின்னே நடந்தது எப்படிக் காரணமாகும்? பழிக்குப் பழி என்னும் வாதம் நாட்காட்டியின்முன் நிற்கமுடியாமல் விழுகிறது. பீடத்தில் செப்டம்பர் 25 இருக்கிறது, சூன் இல்லை. ஏன் இல்லை என்பது இப்போது விளங்கும்.

* * *

இரண்டாம் சொல், யாவரும்.

யாவரும் ஒப்புக்கொண்டார்களாம்! யார் அந்த யாவரும்? அலகாபாத்துச் சாலையில் தொங்கியவனின் மனைவி ஒப்புக்கொண்டாளா? ஆங்கிலேயருள்ளேனும் அனைவரும் ஒப்பினரா? இல்லை. பழிவாங்கும் வெறியை அடக்கவேண்டும், ஆராயாமல் தூக்கிலிடலாகாது என்று 1857 சூலை இறுதியில் ஆணை பிறப்பித்தார் தலைமை ஆளுநர் கானிங். அதற்காக அவரைக் ‘கருணைக் கானிங்’ என்று அவருடைய இனத்தாரே எள்ளி நகையாடினர். கருணை என்பது வசைச்சொல்லான காலம் அது! அந்தக் காலத்திலும் எதிர்க்குரல் இருந்தது. ஆகவே ‘யாவரும்’ என்னும் சொல் செதுக்கிய அன்றே பொய். பின்னாளில் பொய்யாகவில்லை, பிறக்கும்போதே பொய்.

மூன்றாம் சொல், பொதுமக்கள்.

இந்தச் சொல்லை ஆராய நாம் சற்றே வடக்கே செல்லவேண்டும். நீலின் பெயர் நிலைத்துவிட்ட கான்பூருக்கே செல்லவேண்டும். பிணங்கள் எறியப்பட்ட அந்தக் கிணற்றின்மேல் வெள்ளையர் நினைவுச் சின்னம் எழுப்பினர். மரோச்செட்டி என்னும் சிற்பி வடித்த பளிங்கு வானவதை ஒன்று 1865இல் அங்கே நின்றது. சுற்றிலும் கல் தட்டி. அதைச் சுற்றிப் பரந்த பூங்கா. பசும்புல், பூஞ்செடி, நிழல்மரம். அந்தப் பூங்காவுக்குப் பணம் ஏது? கான்பூர் நகரத்து மக்கள்மீது தண்டமாக விதித்துப் பெற்ற பணம். அந்த மக்கள் உள்ளே செல்லலாமா? அனுமதிச் சீட்டு இன்றி இந்தியர் நுழையலாகாது!

பணம் உன்னுடையது, பூங்கா உனக்கில்லை. மண் உன்னுடையது, மலர் உனக்கில்லை. இதற்குப் பெயர் பொதுப் பூங்கா!

ஆனால் இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கும் உயர்சாதி நண்பரை நோக்கி நாம் ஒன்று கேட்கவேண்டும். ‘பொது’ என்று எழுதிவிட்டு மக்களைத் தள்ளி வைக்கும் வித்தையை வெள்ளையன் எங்கே கற்றான்? இந்த மண்ணில் அதற்குப் பள்ளிக்கூடமே இருந்ததே! பொதுக் கிணறு, அதில் தாழ்த்தப்பட்டவர் நீர் இறைக்கலாகாது. பொதுத் தெரு, அதில் அவர் நடக்கலாகாது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதர் நடக்க 1924இல் போராட்டம் நடத்தவேண்டியிருந்ததே! கான்பூர்ப் பூங்காவின் வாயிலில் நின்ற காவலாளியும் வைக்கத்துத் தெருமுனையில் நின்ற காவலாளியும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

* * *

சாதியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. நீலின் கதையில் சாதி தற்செயலாக வரவில்லை. நடுமையத்தில் வந்து நிற்கிறது.

1857 சூலை 25இல் கான்பூரில் நீல் ஓர் ஆணை பிறப்பித்தான். மரண தண்டனை பெற்ற ஒவ்வொருவனையும் பீபிகர் வீட்டுக்கு இழுத்துச் செல்லவேண்டும். அங்கே உறைந்து கிடந்த குருதிக் கறையில் ஒரு பகுதியை அவன் துடைக்கவேண்டும். அந்த வேலையை அவன் உள்ளத்துக்கு எவ்வளவு அருவருப்பாக்க இயலுமோ அவ்வளவு அருவருப்பாக்கவேண்டும். மறுப்பவனுக்குச் சவுக்கடி. துடைத்து முடித்ததும் தூக்கு.

முதலில் சிக்கியவன் ஒரு சுபேதார், உயர்சாதிப் பார்ப்பனன். துப்புரவுத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு அவன் கையில் துடைப்பத்தைக் கொடுக்கச் செய்தான் நீல். அவன் மறுத்தான், சவுக்கு விழுந்தது, துடைத்தான், தொங்கினான். முஸ்லிம் ஒருவனை நாவால் நக்கவைத்தார்கள். இவற்றைப் பிறர் சுமத்தவில்லை. நீலே தன் கடிதத்தில் பெருமையுடன் எழுதினான்.

கொடியவன் ஒருவன் கொல்வதற்கு முன் துன்புறுத்த விரும்பினான். அதற்கு அவன் இங்கிலாந்திலிருந்து கருவி கொண்டுவரவில்லை. இங்கேயே இருந்த கருவியை எடுத்துக்கொண்டான். அந்தக் கருவி சாதி. அதை அடித்துக் கூர்தீட்டி வைத்திருந்தவர்கள் யார்? மனுவின் பெயரைச் சொல்லி, தீட்டு என்றும் துடக்கு என்றும் தொடாதே என்றும் பல நூற்றாண்டு உலைக்களத்தில் காய்ச்சி வடித்தவர்கள் யார்? நீல் சாதியை ஒழிக்க வந்தவன் அல்லன், சாதியைச் சவுக்காக்கியவன்.

இன்னும் ஒன்று. தூக்குக் கயிற்றைவிடத் துடைப்பம் பெரிய தண்டனையாக இருந்தது அந்த சுபேதாருக்கு. இறக்கும் நாளன்று ஒரு நாழிகை அவன் அதைப் பிடித்தான்; வரலாறு அதைக் கொடுமை என்று எழுதிற்று. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பிறந்த நாள்தொட்டு இறக்கும் நாள்வரை அதையே பிடித்திருந்தாரே, துடைப்பத்தை நீட்டிய அந்தத் துப்புரவுத் தொழிலாளி! அவருக்கு விதித்த தண்டனைக்கு ஆணை பிறப்பித்த தளபதி யார்? நாள் எது? அவர் செய்த குற்றம் என்ன? அவர் பெயரை நீலும் எழுதவில்லை. நம்மவர் எழுதிய நூலிலும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்த பின்னும், கழிவுநீர்க் குழியில் இறங்கி மூச்சடைத்து மாள்வோர் அவர் வழிவந்தவர்கள்தாம். போரில் மாண்டவனுக்குப் பூங்காவில் நினைவுச் சின்னம். ஊர் நாற்றத்தோடு போரிட்டு மாண்டவனுக்கு எந்தப் பூங்காவில் இடம்?

* * *

சென்னைக்குத் திரும்புவோம். அறுபது ஆண்டுக்கு மேல் பீடத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்த ஊர், 1927இல் மறுமொழி கூறிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் முகமது சாலியா, சுப்பராயலு என்னும் இரண்டு இளைஞர்கள் மதுரையிலிருந்து வந்து சிலைமீது ஏறிக் கருவிகொண்டு தாக்கினர், சிறை சென்றனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. 1857இல் ஒருவனை நக்கவைத்தும் ஒருவனைத் துடைக்கவைத்தும் நீல் அவமதித்தானே, அந்த இருவருக்காகவும் இந்த இருவர் எழுபது ஆண்டு கழித்து ஏணி ஏறியது போல் இருக்கிறது! திருநெல்வேலி சோமயாசுலு கிளர்ச்சியை நடத்தினார். இளைஞர் காமராசர் அதில் ஈடுபட்டார். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளையும் அழைத்துக்கொண்டு வந்து போராடினார். செப்டம்பரில் சென்னை வந்த காந்தியார், நோக்கம் சரி, ஆனால் வன்முறை வேண்டா, அறவழியில் நடத்துக என்று அறிவுரை கூறினார். பத்து ஆண்டுகள் சென்றன. 1937இல் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவைக் காலத்தில் சிலை அகற்றப்பட்டது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு உரிய பொருள்.

வெள்ளையன் சிலை, ஆகவே வெறுத்தார்கள் என்று கூறுவோர் உளர். தவறு. அதே சாலையில், தீவுத்திடல் அருகே, 1839 முதல் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார் ஆளுநர் மன்றோ. 1927இல் அவர்மீது ஒரு கல் விழவில்லை, இன்றும் இருக்கிறார். அவரும் கம்பெனியின் ஆள்தான். திப்புவை எதிர்த்த போர்களில் இருந்தவர்தான். குறை கூற வேண்டுமானால் கூறலாம். ஆயினும் மக்கள் பிரித்துப் பார்த்தார்கள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நாம் நிறுத்திய சிலைகளைப் பாருங்கள்: வீரமாமுனிவர், கால்டுவெல், போப். மூவரும் ஐரோப்பியர்! நிறத்தைப் பார்த்தா நிறுத்தினோம்? இல்லை, செயலைப் பார்த்து நிறுத்தினோம். செயலைப் பார்த்தே நீலை இறக்கினோம். தமிழன் தோலைப் பார்ப்பவன் அல்லன், தொண்டைப் பார்ப்பவன் என்பதற்கு மன்றோவின் குதிரையும் கடற்கரையின் மூவரும் சான்று.

உலகம் இந்தப் பாடத்தை மெல்லத்தான் கற்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்டு கோல்ஸ்டன் என்னும் அடிமை வணிகனுக்கு 1895இல் சிலை வைத்தார்கள். நல்லொழுக்கமும் அறிவும் மிக்க நகரின் மைந்தன் என்று பீடம் பாடிற்று. விற்கப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2020 சூன் 7இல் மக்கள் அதைக் கயிறு கட்டி வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர். இன்று அது அந்நகர அருங்காட்சியகத்தில், மக்கள் பூசிய வண்ணத்தோடேயே, படுத்த நிலையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சிலையும் இருக்கிறது, மறுமொழியும் இருக்கிறது. சென்னை இதை 83 ஆண்டுக்கு முன்னே தொடங்கியது! நீலின் அயர் நகரத்துச் சிலையோ வெலிங்டன் சதுக்கத்தில் நிற்கிறது. மனிதரெல்லாம் உடன்பிறப்பு என்று பாடிய இராபர்ட்டு பர்ன்சு என்னும் பாவலர் பிறந்ததும் அந்த அயர் அருகேதான். ஒரே மண் பாவலனையும் பெற்றது, கொலைக் கட்டளை எழுதியவனையும் பெற்றது. இருவரில் யாரை மெய்யாகவே தன் மைந்தன் என்று கொள்வது என்பதை அந்த ஊர் இளைஞர்கள் எண்ணட்டும்.

* * *

பிறரை அளந்த கோலால் நம்மையும் அளக்கவேண்டும். அளக்க அஞ்சுபவன் பகுத்தறிவாளன் அல்லன்.

நினைவுக்கல் நமக்குப் புதிது அன்று. நடுகல் நட்டவர்கள் நாம். கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளை வகுத்துவைத்தது தொல்காப்பியம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போராடி மாண்டவனுக்குக் கல். யார், எந்த ஊருக்காக, என்ன செய்து மாண்டான் என்று கூறும் கல். புகழ்மொழி குறைவு; செய்தி மிகுதி. ஆனால் அந்தக் கல்லுக்கே நெய் பூசி, மாலை சூட்டி, கள் படைத்துத் தெய்வமாக்கியதும் நாம்தான். செய்தியை மறந்தோம், பூசையை வைத்துக்கொண்டோம்.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கண்ணகிக்குக் கல் எடுக்க வடக்கே படையெடுத்தான் செங்குட்டுவன். கனகன், விசயன் ஆகியோர் தலையில் அந்தக் கல்லை ஏற்றிக் கொண்டுவந்தான். எத்தனை மேடையில் இதைச் சொல்லித் தோள் தட்டியிருக்கிறோம்! ஆனால், தோற்றவனை அவமதித்து மகிழும் அந்த மகிழ்ச்சியைச் சற்று நிறுத்தி ஆராய வேண்டாவா? கண்ணகி கேட்டது நீதி. குற்றமற்றவன் கொலையுண்டான் என்று வேந்தனை அவன் அவையிலேயே நின்று கேட்டாள். அவளுக்கு எடுக்கும் கல்லைப் போரில் தோற்றவன் தலையில் ஏற்றியதால் நீதி உயர்ந்ததா, செருக்கு உயர்ந்ததா?

இதை நான் புதிதாகக் கேட்கவில்லை. இளங்கோவே கேட்கவைத்தார்! சிறைப்பட்ட மன்னரைச் செங்குட்டுவன் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வர அனுப்பினான். அவ்விருவரும் புகழவில்லை. போர்க்களத்தை விட்டுத் தவக்கோலம் பூண்டு ஓடியவரைப் பிடித்து வருவதும் ஒரு வெற்றியா என்னும் கருத்துப்பட இகழ்ந்தனர். அந்த இகழ்ச்சி அப்படியே காப்பியத்தில் இருக்கிறது. வஞ்சிக் காண்டம் சேரனின் புகழ் பாடும் காண்டம்; அந்தக் காண்டத்துக்குள்ளேயே சேரன்மீது குறை கூறும் குரலுக்கும் இடம் தந்தார் புலவர். வெற்றிக்கல்லை எழுப்பும்போதே அதன் பக்கத்தில் மறுமொழியையும் எழுதிவைத்தார். இதுவல்லவோ பெருமை! மவுண்ட் ரோட்டுப் பீடத்தில் இல்லாமற்போனது இந்த ஒரு வரிதான். சிலப்பதிகாரம் காப்பியமாக வாழ்கிறது, நீலின் பீடம் வெறும் வெண்கல வணக்கமாக வீழ்ந்தது என்பதன் வேறுபாடு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

* * *

அப்படியானால் செய்யவேண்டியது என்ன?

நீலின் சிலையை உருக்கவேண்டும் என்று நான் கூறமாட்டேன். உருக்கினால் வெண்கலம் கிடைக்கும், சான்று போய்விடும். கொலைகாரன் கத்தியை ஆற்றில் எறிந்துவிட்டு வழக்கு நடத்த முடியுமா? அது அருங்காட்சியகத்தில்தான் இருக்கவேண்டும். ஆனால், தோழர்களே, அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை வைப்பது அதை மறப்பதற்கு அன்று, படிப்பதற்கு. பீடத்தின் மூன்று சொற்களுக்கும் மறுமொழி நாம் எழுதவேண்டும். பள்ளிப் பிள்ளை ஒருவன் அதன்முன் நின்றால், அலகாபாத்துச் சாலை அவன் கண்ணுக்குத் தெரியவேண்டும். 1857 சூலை 25இன் ஆணை தெரியவேண்டும். பீபிகரில் மாண்ட குழந்தைகளும் தெரியவேண்டும். சாலியாவும் சுப்பராயலும் அஞ்சலை அம்மாளும் தெரியவேண்டும். துடைப்பத்தை நீட்டிய பெயரற்ற அந்த மனிதரும் தெரியவேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் நினைவு. ஒன்றை விட்டாலும் அது விளம்பரம்.

கான்பூரைப் பாருங்கள். 1947க்குப் பின் வானவதை தேவாலய வளாகத்துக்கு இடம் மாறினாள். பூங்காவின் வாயில் திறந்தது. நானாராவ் பூங்கா என்று பெயர் மாறியது. பெயர் மாறியது நன்று. வாயில் திறந்தது அதைவிட நன்று. ஆனால் ஒரு புகழ்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் இன்னொரு புகழ்ப் பலகையை மாட்டிவிட்டால் வரலாறு நேராகிவிடாது. கிணற்றில் எறியப்பட்ட குழந்தைக்கும் இடம் வேண்டும். மரத்தில் தொங்கவிடப்பட்ட உழவனுக்கும் இடம் வேண்டும். இருவரையும் ஒரே பலகையில் எழுதத் துணிந்த நாளே நாம் வளர்ந்த நாள்.

இறுதியாக, நம் ஊர்ப் பூங்காக்களுக்கும் சாலை முனைகளுக்கும் வருகிறேன். தியாகராய நகரில் பனகல் பூங்கா இருக்கிறது. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் தாங்கிய பூங்கா. மாலைதோறும் துணிக்கடைப் பைகளோடு ஆயிரவர் அதைக் கடந்து செல்கிறார்கள். அவர் யார், எந்த ஆட்சியை நடத்தினார், யாருக்குக் கதவு திறந்தார் என்று அவர்களுள் எத்தனை பேர் கூறுவர்? சாலைமுனைச் சிலைகளின் பீடங்களைப் படித்துப் பாருங்கள். பிறந்த நாள் இருக்கும். மறைந்த நாள் இருக்கும். திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர் இருக்கும். சிலைக்குரியவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் இடம் இராது! மாலை போடும் நாள் தெரிகிறது, மனிதர் தெரியவில்லை. நடுகல்லுக்கு நேர்ந்தது இதுதானே? செய்தி மறைந்து பூசை எஞ்சியது இப்படித்தானே?

பொய் எழுதிய பீடத்தை எதிர்த்தார்கள் 1927இன் இளைஞர்கள். ஒன்றுமே எழுதாத பீடம் நம் காலத்துக் கேடு. பொய்யை மறுக்கலாம்; வெறுமையை எப்படி மறுப்பது? எனவே, இயக்க இளைஞர்களே, அடுத்த சிலைக்கு நன்கொடைச் சீட்டுப் புத்தகத்தோடு வருகிறவரிடம் காசு கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பீடத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்? அவர் என்ன செய்தார், யாருக்காகச் செய்தார், அவர்மீது கூறப்பட்ட குறை என்ன என்பதை எழுத உங்களுக்குத் துணிவு உண்டா?

உண்டு என்றால் கொடுங்கள். இல்லை என்றால், அந்தக் காசுக்கு ஒரு படிப்பகத்துக்கு நாளேடு வாங்கிப் போடுங்கள். நாளேட்டுக்கு மறுப்பு எழுதலாம். எழுதாத பீடத்துக்கு மறுப்பும் எழுத முடியாது.